மூன்றாவது கீபோர்டின் பிளக்

பெரியவள் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடைத்துவிட்டால் போதும், அந்த வீட்டில் எந்தப் பொருளும் நிம்மதியாக இருக்க முடியாது. குழாய் சொட்டினாலும் அவள்தான், கதவு கிறீச்சிட்டாலும் அவள்தான். பாதி வேலை பிரமாதமாக முடியும். மீதிப் பாதியைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. திறந்துவிட்டு அவளிடமிருந்து யார் மீள்வது?

அவளும் அவளுடைய ஓரகத்தி சின்னவளும் சேர்ந்து சனிக்கிழமைதோறும் முன்னறையில் கீபோர்டு வகுப்பு நடத்தினார்கள். வாசிக்கத் தெரிந்தவள் சின்னவள். அதட்டத் தெரிந்தவள் பெரியவள். எட்டுப் பிள்ளைகளும், பணி ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவரும் படித்தார்கள். எட்டுப் பிள்ளைகளைவிட டிரைவர்தான் அதிகம் தப்பு விடுவார், ஆனால் ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை.

கீபோர்டுகள் மூன்றையும் சின்னவளின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து கப்பலில் அனுப்பியிருந்தார். அங்கே வீட்டு மின்சாரம் வெறும் நூறு வோல்ட். இங்கே இருநூற்று முப்பது. அப்படியே சுவரில் சொருகினால் கதை கந்தல். அதனால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றையும் கூடவே அனுப்பியிருந்தார். செங்கல் மாதிரி கனக்கும் அந்தப் பெட்டியைப் புத்தக அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

அலமாரிக்குப் பின்னால் ஒரே இருட்டு. சனிக்கிழமை காலையில் சின்னவள் எல்லா ஒயரையும் பிடுங்கிவிட்டுக் கூட்டுவாள், பிறகு கையை விட்டுத் தடவியே திரும்பச் சொருகுவாள். அதில் குழப்பமே வந்ததில்லை. கீபோர்டு பிளக்குகளுக்குக் கால்கள் தட்டையாக இருக்கும். மின்விசிறி, ஸ்பீக்கர், மேசை விளக்கு எல்லாம் உள்ளூர்ச் சாமான், உருண்டைக் கால். தட்டை என்றால் டிரான்ஸ்பார்மருக்கு, உருண்டை என்றால் சுவருக்கு. இரண்டு வருஷமாக அவள் விரல்களுக்கு அது மனப்பாடம்.

ஆனால் அந்தத் தட்டைக் கால்கள் பெட்டியின் துளைகளில் ஆடிக்கொண்டே இருக்கும். எந்தக் காலையும் ஏற்றுக்கொள்ளும் அகலத் துளை அது. பாட்டின் நடுவே யாராவது ஒயரை மிதித்தால் கீபோர்டு ஊமையாகிவிடும். மூன்றாவது கீபோர்டு, அதாவது டிரைவருடையது, ஒரு மணி நேரத்தில் நாலு தடவை நின்றுபோகும். பெரியவளுக்குக் கை பரபரத்தது. ஒரு வியாழக்கிழமை சின்னவள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, தட்டைப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, புத்தம் புதிய மூன்று கால் உருண்டைப் பிளக்கை மாட்டி, டிரான்ஸ்பார்மரிலேயே சொருகி வைத்தாள். கச்சிதமாக நின்றது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. சனிக்கிழமை சொல்லி அசத்திவிடலாம் என்று விட்டுவிட்டாள். சொல்லத்தான் மறந்துபோனாள்.

சனிக்கிழமை வந்தது. ஆட்கள் வாசலில் வந்து நிற்கும்போதுதான் சின்னவள் கூட்டி முடித்தாள். அவசரத்தில் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. கையில் அகப்பட்ட தட்டைகளைப் பெட்டியில் சொருகினாள், உருண்டைகளைச் சுவரில் சொருகினாள், ஸ்விட்சுகளை வரிசையாகத் தட்டினாள். டிரைவர் உட்கார்ந்து விரலை வைக்கவும் கீபோர்டு 'டப்' என்றது. பக்கவாட்டுத் துளைகள் வழியாக வெள்ளைப் புகை கிளம்பியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். டிரைவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"கண்ணை எங்க வெச்சிருந்தே?" என்று பெரியவள் பாய்ந்தாள். "ரெண்டு வருஷமா செய்ற வேலை, இதுகூட ஒழுங்கா செய்ய வராதா? உங்க அண்ணன் அனுப்பினதுங்கிறதுக்காக உன் இஷ்டத்துக்குக் கொளுத்துவியா?"

நாலு அம்மாக்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் பேயறைந்தவள் போல நின்றாள். பெரியவள் மெயினை அணைத்துவிட்டு, அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, புகைந்த கீபோர்டின் ஒயரைப் பிடித்து இழுத்தாள். சுவரிலிருந்து கழன்று அவள் கைக்கு வந்தது அவளே மாட்டிய வெள்ளைப் பிளக்.

ஒரு வினாடியில் அவளுக்கு முழுவதும் விளங்கிவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் பார்க்க அவ்வளவு கத்திவிட்டு, "ஐயோ, இது நான் செய்த வேலை" என்று எந்த முகத்தோடு சொல்வது? ஒயரைச் சுருட்டி, பிளக்கை அந்தச் சுருளுக்குள் மறைத்து, கீபோர்டைத் துணியால் மூடிவிட்டாள்.

"என் மேலதான் தப்புக்கா," என்றாள் சின்னவள். "தடவிப் பார்த்துதான் போட்டேன். எப்படி மாறிச்சுன்னே தெரியல. இனிமே நான் வகுப்புப் பக்கமே வரல. குழந்தைங்க மேல ஏதாவது பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

திங்கட்கிழமை பெரியவள் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் போனாள். அவர் திருகுகளைக் கழற்றி உள்ளே மோந்து பார்த்தார்.

"பியூஸ் முதல்ல உயிர விட்டுட்டு மத்ததக் காப்பாத்தியிருக்கு. பவர் போர்டு மட்டும் போச்சு. சரி பண்ணிடலாம்," என்றார். பிறகு பிளக்கைத் தூக்கிப் பிடித்தார். "நூறு வோல்ட் சாமானுக்கு இதை மாட்டின புண்ணியவான் யாரு?"

"யாரோ," என்றாள் பெரியவள்.

"கம்பியெல்லாம் என்ன அழகா முறுக்கி மாட்டியிருக்கார் பாருங்க. ஒரு பிசிறு இல்ல. வேலை தெரிஞ்ச ஆளு, மூளைதான் இல்ல. தட்டைக் காலா இருந்தா யாராவது தெரியாமக்கூட சுவத்துல சொருக முடியுமா?"

முதல் பாதியைக் கேட்டு அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்ததும் நிஜம், அடுத்த பாதியில் காது சிவந்ததும் நிஜம். கீபோர்டை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பை அவள் ஒருத்தியாக நடத்தினாள். நடத்தினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கை தட்டித் தாளம் போட்டாள், அதட்டினாள், பக்கத்தைப் புரட்டச் சொன்னாள். எந்த விரல் எங்கே போக வேண்டும் என்று ஒரு குழந்தை கேட்டபோது, "புஸ்தகத்துல பாரு" என்றாள். பிள்ளைகள் திரும்பத் திரும்ப உள்கதவையே பார்த்தார்கள். சின்ன டீச்சர் வராவிட்டால் வகுப்பு இல்லை. அவள் வர வேண்டுமென்றால் பெரியவள் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வேறு வழியே கிடையாது. இது தெரிந்தும் அவள் நாளைத் தள்ளிக்கொண்டே போனாள்.

அதற்குள் வீட்டில் இன்னொரு கூத்து ஆரம்பித்திருந்தது. சின்னவள் எந்தப் பிளக்கையும் தொடுவதில்லை. இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கணவன் வரும்வரை நிற்பாள். மிக்சி போட வேண்டுமென்றால், "அக்கா, நீங்களே சொருகிடுங்க" என்று இரண்டடி தள்ளி நிற்பாள். ஒவ்வொரு முறையும் பெரியவள் சொருகிக் கொடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவமானமாக இருந்தது.

அதற்கடுத்த புதன்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறையில் சின்னவள் போனில் பேசுவது கேட்டது.

"இல்லண்ணா, அவங்க திட்டினதுல தப்பே இல்ல. நீ ஆசையா அனுப்பினத நான்தான் எரிச்சுட்டேன். எனக்குக் கையில ராசி இல்லண்ணா. சின்ன வயசுல அம்மா சொல்வாங்களே, அது சரிதான்."

பெரியவள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு எழுந்துபோனாள். சின்னவள் போனை வைக்கும்வரை அறை வாசலில் நின்றாள்.

"ராசியாவது மண்ணாவது," என்றாள். "அந்தப் பிளக்க மாத்தினது நான். வியாழக்கிழமை நீ வெளிய போனப்போ மாத்தினேன். உன் கை சரியாத்தான் வேலை செஞ்சுது. உருண்டையாப் பட்டுச்சு, சுவத்துல போட்டே. தப்பு பூரா என்னுது."

சின்னவள் அவளையே பார்த்தாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேவா?"

"ஒயரை இழுத்தப்பவே."

சின்னவள் அழுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். அழுதிருந்தால் கட்டிப்பிடித்துச் சமாளித்திருப்பாள். அவள் அழவில்லை. முகம் இறுகிப்போயிற்று.

"பதினோரு நாள்க்கா. மிக்சியச் சொருகிக் கொடுத்துட்டு என் மூஞ்சியப் பார்த்துட்டு நின்னீங்களே! எத்தனை தடவை! எங்கண்ணன்கிட்ட என்னை நானே மட்டமாப் பேசிக்கிட்டேன்." "நாலு பேர் முன்னாடி திட்டினீங்க. இங்க ரூமுக்குள்ள வந்து மெதுவாச் சொல்றீங்க. அந்த நாலு பேர் முன்னாடி சொல்லுங்க. அப்புறம் பார்க்கலாம்."

கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவள் இப்படிப் பேசிப் பெரியவள் கேட்டதில்லை. "சரி," என்றாள்.

சனிக்கிழமை. சரிசெய்த கீபோர்டு, பழையபடி தட்டைக் காலோடு, இடத்துக்கு வந்திருந்தது. பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், அம்மாக்களைப் பெரியவளே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். சின்னவள் உள்கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெரியவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். நூறு வோல்ட் என்றால் என்ன, இருநூற்று முப்பது என்றால் என்ன, தட்டைக் கால் எதற்கு, டிரான்ஸ்பார்மர் எப்படி வேலை செய்கிறது, பியூஸ் எப்படிக் காப்பாற்றியது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். நடுவில், பிளக்கை மாற்றியது தான்தான் என்பதையும் சொன்னாள். சொன்னாள்தான், ஆனால் பியூஸ் கதையைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். கடைசியில், "அதனால, இனிமே எல்லாரும் ஜாக்கிரதையா இருக்கணும். எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று முடித்தாள்.

பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஒரு குழந்தை நோட்டில் 'இருநூற்று முப்பது' என்று எழுதிக்கொண்டது.

டிரைவர் மட்டும் கையைத் தூக்கினார். "கரண்டு பாடம் நல்லாப் புரிஞ்சுதும்மா. நான் வண்டி ஓட்டின காலத்துல என் கண்டக்டர்கிட்ட இப்படித்தான் ஒரு தடவை என் தப்ப ஒத்துக்கிட்டேன். பிரேக்கப் பத்தி அரை மணி நேரம் பேசினேன். அவன் பொறுமையாக் கேட்டுட்டு, 'எல்லாம் சரிண்ணே, மன்னிப்பு எங்க?'ன்னான்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தாள். புதன்கிழமை சொல்லவில்லை. நேற்றுச் சொல்லவில்லை. இப்போதும் அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

உள்கதவுப் பக்கம் திரும்பினாள். ஒரு ஊரையே அதட்டக்கூடிய குரல் அவளுடையது. அது இப்போது எங்கேயோ ஒளிந்துகொண்டது.

"மன்னிச்சுக்கம்மா," என்றாள், தரையைப் பார்த்து.

சின்னவள் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலக்கா," என்றாள். "அன்னைக்குக் கேட்டுச்சே, அந்த அளவுக்கு."