பின்சக்கரத்துக்கு எந்த டயர்?

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. காரைக்காலில் என் ஸ்கூட்டர் பஞ்சராகி, மீரா சாகிப்பின் டயர் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காதல் கதைக்கு மனதுக்குள் வரி தேடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் லாரியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து, மீரா சாகிப்பை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டாள்.

"நானா, மழையில நல்லா புடிக்கிற டயரா காட்டுங்க."

காதல் கதை அங்கேயே நின்றுவிட்டது.

2

முதல் தொடக்கம்: 'வானம் கறுத்திருந்தது. ஜஸீலாவின் விழிகளில்...'

(வேண்டாம். டயர் வாங்க வந்தவளுக்கு விழிகள் எதற்கு?)

நேராகவே சொல்கிறேன். நெரவியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிதண்ணீர் லாரி ஓட்டுகிறவள் ஜஸீலா. அவள் தெருவில் மார்கெரித் என்ற அம்மாள் தனியாக இருக்கிறார், பிள்ளைகள் பிரான்சில். சிறுநீரகம் கெட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸுக்குக் காரைக்கால் போக வேண்டும். மழை பிடித்தால் வாய்க்கால்கரைப் பாதைக்குள் ஆட்டோவோ காரோ வராது. போன மழையில் ஜஸீலாவின் லாரியும் சேற்றில் உழன்று நின்றுவிட்டது. தெருக்காரர்கள் மார்கெரித்தை நாற்காலியோடு தார் ரோடு வரை தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவருக்கு மூச்சு முட்டிவிட்டது.

3

மீரா சாகிப் இரண்டு டயர்களை உருட்டி வந்தார். ஒன்றில் நெடுக்காகக் கோடுகள். மற்றதில் குறுக்கே தடித்த கட்டைகள்.

"கோடு போட்டது தார் ரோட்டுக்கு. தண்ணியை ஒதுக்கிட்டு ரோட்டைப் புடிக்கும். கட்டை டயரு சேத்துக்கு. ஆனா நனைஞ்ச தாருல வேகமாப் போனா வழுக்கும், தங்கச்சி."

"என் வழியில ரெண்டும் இருக்கே நானா."

"ரெண்டுக்கும் ஒரே டயரு சரிப்பட்டு வராது. நீதான் முடிவு பண்ணணும்."

அவள் கட்டைகளின் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். ஆழமாக இருந்தது.

"முன்னால கோடு போடுங்க, ஸ்டியரிங் சொன்னபடி கேக்கணும். பின்னால கட்டை."

"தாருல?"

"தாருல நான் மெதுவாப் போயிக்குவேன். சேத்துல மெதுவாப் போனா வண்டி நின்னுருமே."

(பெஞ்சில் நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் இது.)

4

ஐப்பசியில் அடைமழை. மார்கெரித்தை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு ஜஸீலா கிளம்பினாள். எடை இருந்தால் பின்சக்கரம் அழுந்திப் பிடிக்கும் என்று தொட்டியை நிரப்பியே வைத்திருந்தாள்.

நான் எழுதிப் பார்த்த வரி: 'அவள் கைகள் நடுங்கின. வளைகுடாவில் இருக்கும் கணவன் ஆபிதை நினைத்து...'

இவள் அப்படிப்பட்டவளா? சந்தேகம் வந்து, மீரா சாகிப்பிடம் நம்பர் வாங்கி அவளிடமே போனில் கேட்டேன். "பயமா இல்லையா?"

"இருந்துச்சுங்க. அதுக்காக வண்டியைத் திருப்பிர முடியுமா?"

வாய்க்கால்கரை வளைவில் பின்பக்கம் ஒருமுறை கரைப்பக்கமாகச் சறுக்கியது. மார்கெரித் கழுத்துச் சிலுவையைப் பற்றிக்கொண்டார். ஜஸீலா பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரைச் சீராக அழுத்தியபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். கட்டைகள் சேற்றைக் கடித்தன. லாரி ஏறி வந்தது.

தார் ரோட்டில் மாட்டு வண்டி வேகம்.

"நேரமாவுதேம்மா, நல்ல ரோடுதானே?"

"இதுதாங்கம்மா இந்த டயருக்குக் கெட்ட ரோடு. சும்மா உக்காருங்க. கொண்டுபோய்ச் சேக்குறேன்."

சேர்த்தாள். மார்கெரித் தன் காலால் நடந்து உள்ளே போனார்.

5

இரண்டு முடிவுகளை எழுதிக் கிழித்தேன். ஒன்றில் லாரி கவிழ்ந்தது. சோகம் கனமாக இருக்கும் என்று நினைத்தேன். மற்றதில் ஊரே கூடி அவளைப் பாராட்டியது. [அன்று தெருவில் ஆளே இல்லை. மழை.]

மூன்றாவதாக எதையாவது எழுதலாமென்று மறுபடி போன் போட்டேன்.

"எழுதுறதுன்னா சீக்கிரம் எழுதுங்க. நாளைக்குத் திரும்பப் போவணும்."

மழை விடவில்லை. ஆகவே முடிவு என்னிடம் இல்லை. நெரவி ரோட்டில் நாளை உங்களுக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தால், ஹாரன் மேல் இருக்கும் உங்கள் கையை எடுத்துவிடுங்கள்.