ஓவர்டைம் காசு

பொத்தான் தைப்பதில் அவளை மிஞ்ச அந்தத் தொழிற்சாலையில் ஆள் கிடையாது. அதனால் மின்னல் என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. ஓவர்டைம் பார்த்து வரும் கூலியைச் சம்பள உறையிலிருந்து உருவி, தெருமுனையில் காத்திருக்கும் தங்கையிடம் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். கட்டியவன் கைவிட்டுப் போன தங்கையின் வீட்டில் உலை கொதித்தது அந்தக் காசில்தான். மின்னலின் புருஷனுக்கு இது காற்றுவாக்கில்கூடத் தெரியாது.

ஒருநாள் மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே உறையே கிடையாது. சம்பளம் நேரா பேங்க் கணக்குக்கு வந்துடும், போன்லயே பாத்துக்கலாம். உங்க காசு, உங்க கையில!" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். மின்னலும் தட்டினாள். வீட்டில் இருந்தது ஒரே போன். அது புருஷனின் சட்டைப்பையை விட்டு இறங்காது.

சம்பள நாளன்று தங்கையிடம், "நாளைக்கு வாடி, எப்படியாவது தரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தாள். புருஷன் கதவைச் சாத்தினான்.

"ஓவர்டைம்னு தனியா போட்டு வந்திருக்கே. இத்தனை வருஷமா இந்தக் காசெல்லாம் எங்கடி போச்சு?"

தங்கையின் பேரை அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் அங்கேயும் போய் நிற்பான் என்று தெரியும். அடியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு சூப்பர்வைசர் முன்னால் நின்றாள்.

"சார், எனக்கு இனிமே ஓவர்டைம் போடாதீங்க."

"என்னம்மா, வர்ற காசை வேணாங்கறே?"

"அது எனக்கு வரல சார்."

அன்று சாயங்காலம் தங்கையின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், சுற்றுவழியாகவே வீட்டுக்கு நடந்தாள்.