இடது பக்க மேல் மூலை

வரிசையில் எனக்கு முன்னால் ஆமோஸ் டட்டில் நின்றுகொண்டிருந்தான்.

எங்கள் மாநிலத் தலைநகர் கான்கார்டில் அரசு மாளிகையின் இரண்டாம் தளம். அக்டோபர் மாதம். ஜனாதிபதி ஆக விரும்புகிறவர்கள் அங்கே வந்து ஒரு பக்கப் படிவத்தை நிரப்பி ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். கையெழுத்து திரட்ட வேண்டாம். யாரையும் கேட்க வேண்டாம். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல் வாக்குச்சீட்டில், பெரிய தலைகளின் பெயர்களோடு, அதே எழுத்தளவில் நம் பெயரும் வந்துவிடும். எனக்கு மூன்று முறை வந்திருக்கிறது. இது நான்காவது.

ஆமோஸ் எங்கள் ஊர். வெஸ்ட் பார்லோ. குளிர்காலத்தில் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். பள்ளியில் எனக்கு அடுத்த இருக்கை. ஏதோ வண்டிப் பத்திர விஷயமாக வந்திருப்பான் என்று நினைத்தேன். பிறகு அவன் கையில் இருந்த படிவத்தைப் பார்த்தேன்.

"நீ என்னடா இங்க?"

"நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்," என்றான். "உன்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கணும். கோவிச்சுக்காத லைல்."

கோபம் இல்லை என்றேன்.

பணம் கட்டியதும் மேசையில் விரித்திருக்கும் போஸ்டரில் வேட்பாளர் கையெழுத்துப் போடுவது வழக்கம். பிறகு அதைச் சுவரில் மாட்டுவார்கள். இடது பக்க மேல் மூலை என் இடம். புகைப்படக்காரர்கள் நிற்கும் பக்கத்திலிருந்து பார்த்தால், அங்கே குனிகிறவனின் முகம்தான் முழுதாகத் தெரியும். முதல் முறை தற்செயலாகக் கண்டுபிடித்தேன். யாரிடமும் சொன்னதில்லை. ஆமோஸ் நேராகப் போய் அங்கே போட்டான். அகலமான எழுத்து. அதற்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் நான் போட்டேன்.

வாசலில் ஒரு பத்திரிகைக்காரப் பெண் நின்றாள். வெளியே வரும் எல்லோரிடமும் ஒரே கேள்வி. ஜெயிக்க மாட்டோம் என்று தெரிந்தும் ஏன் நிற்கிறீர்கள்?

என்னிடம் பதில் இருந்தது. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். வருடத்துக்கு இரண்டு முறை அரசு உத்தரவுப்படி எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றிவைப்பதால் பிள்ளைகள் இருட்டில் சாலையோரம் நிற்கிறார்கள். அதை நிறுத்த வேண்டும். ஏழு பக்கத் திட்டம். அவள் இரண்டு வரி எழுதிக்கொண்டாள்.

ஆமோஸ் தொப்பியைக் கழற்றினான்.

"என் சம்சாரம் ஹெஸ்டர் தவறிப்போய் ரெண்டு வருஷமாச்சும்மா," என்றான். "வீட்டுல என்னைய ஒரு கேள்வி கேக்க ஆள் இல்ல. இங்க வந்தா ஏன்னு ஒருத்தர் கேப்பாங்கன்னு சொன்னாங்க."

அவள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். பிறகு நிறைய எழுதினாள்.

மறுநாள் பத்திரிகையில் ஆமோஸின் படம் வந்தது. மூலையில் குனிந்து கையெழுத்துப் போடும் படம். முகம் முழுதாகத் தெரிந்தது. என் பெயர் கடைசிப் பத்தியில் மற்ற ஆறு பேரோடு இருந்தது.

என் மனைவி கொரின் அந்தச் செய்தியைச் சமையலறையில் உரக்கப் படித்தாள். அவன் பதிலை மட்டும் இரண்டாம் முறை படித்தாள். பிறகு வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். என்னுடைய மூன்று தேர்தல்களின் செய்திகள் மேசை இழுப்பறையில் ஒரு உறைக்குள் இருக்கின்றன.

உணவகத்துக்குப் போனேன். அங்கே பரிமாறும் ட்ரூடி பன்னிரண்டு வருடமாக என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"என்ன பிரசிடென்ட், வழக்கமானதுதானே?"

ஆமாம் என்று சொல்லித் தலை தூக்கினேன். அவள் ஆமோஸைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் எனக்குப் பின்னால் உள்ளே வந்து மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

டிசம்பரில் பனி கனத்தது. பனி தள்ளும் லாரி போனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு பனிக் கரையை விட்டுப்போகும். அதை வீட்டுக்காரர்தான் வெட்டி எடுக்க வேண்டும். ஊரில் எல்லோரும் அதற்காக ஆமோஸைத் திட்டியிருக்கிறோம். இந்தக் குளிர்காலத்தில் என் வாசலில் கரை இல்லை. ஒரு காலை ஜன்னலிலிருந்து பார்த்தேன். எங்கள் வாசல் வந்ததும் அவன் லாரியின் முன்னால் இருக்கும் பனி தள்ளும் பலகையைத் தூக்கினான். தாண்டியதும் இறக்கினான். தபால் பெட்டி மேல் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. கையை நீட்டி எடுத்துக்கொண்டான்.

அது என்ன என்று கொரினைக் கேட்டேன். டோனட் என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"உனக்கு முதுகு வலின்னு அவன்கிட்ட சொன்ன நாள்லேர்ந்து."

"என் முதுகைப் பத்தி நீ ஏன் அவன்கிட்ட பேசுற?"

"உன்கிட்ட பேசலாம்தான். அதுக்கு நான் கடிகாரமா இருக்கணுமே."

அன்றிலிருந்து அதிகாலையில் எழுந்து நானே மண்வாரியோடு வாசலில் நின்றேன். வெட்ட ஒன்றும் இருக்காது. ஆமோஸ் லாரியிலிருந்து கை அசைத்துவிட்டுப் போவான். உள்ளே வந்து பனியில் நனைந்த உடைகளை உலர்த்தும்போது அவன் டோனட் தின்பதை நினைப்பேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி நாற்பத்து மூன்று வருடம். வாசலில் எனக்காக அவள் எதையும் வைத்ததில்லை. நான் வீட்டுக்குள் இருந்தேன், அதனால் இருக்கலாம்.

ஜனவரியில் தேர்தல். எங்கள் ஊரில் நகர்மன்றக் கூடத்தில் மரப்பெட்டியில் சீட்டுப் போடுவோம். ஏழு மணிக்குக் கதவை மூடி, அங்கேயே கையால் எண்ணுவார்கள். விருப்பமுள்ளவர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். கூடத்தின் பின்பக்கம் தீயணைப்பு நிலையத்துக்காகக் கேக் விற்கும் மேசை. அதற்குப் பின்னால் கொரின். இருபது வருடமாக எல்லாத் தேர்தலுக்கும் அவள்தான்.

நான் எனக்கு வாக்களித்தேன்.

எண்ணி முடித்ததும் தேர்தலை நடத்தும் திருமதி ஹஸ்கெல் மேடையேறி எண்ணிக்கையை வாசிப்பார். ஒவ்வொரு பெயரையும் நடுப்பெயரோடு, முழுதாக. நான் எதற்காக நிற்கிறேன் என்று பத்திரிகைக்காரப் பெண்ணிடம் சொன்னது பொய் இல்லை. ஆனால் கடிகாரத்துக்காக மட்டும் என்றால் ஒரு கடிதம் போதும். முப்பத்தொரு வருடம் அந்த ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினேன். ஓட்டுநர் இருக்கைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் அவர்கள் என் கண்களை மட்டும் பார்த்தார்கள். அந்தக் கூடத்தில் அந்த அரை நிமிடம் நான் முழுப்பெயர் உள்ள ஒரு ஆள். முதல் முறை ஒன்பது வாக்கு. அடுத்தது பன்னிரண்டு. போன முறை பதினான்கு.

திருமதி ஹஸ்கெல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பெரிய தலைகள் முதலில். பிறகு நாங்கள்.

"ஆமோஸ் எல்வுட் டட்டில். முப்பத்தொன்று."

கூடம் சலசலத்தது. யாரோ அவன் முதுகில் தட்டினார்கள். பனிக் கரையைப் பற்றி ஒருவர் ஏதோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, அவன் இந்தக் குளிர்காலத்தில் எல்லோருடைய வாசலிலும் பலகையைத் தூக்கியிருக்கிறான்.

"லைல் வாரன் பெட்டிங்கில். இரண்டு."

திருமதி ஹஸ்கெல் காகிதத்தைத் திருப்பினார்.

சீட்டின் கடைசியில் ஒரு வெற்று வரி உண்டு. அதில் யார் பெயரையும் எழுதலாம். அவற்றையும் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் முறை. போன முறை ஒரு நாயின் பெயர் வந்தது. இந்த முறை ஒரு ஹாக்கி வீரருக்கு மூன்று. திருமதி ஹஸ்கெல் அடுத்த காகிதத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"கொரின் பெட்டிங்கில். ஒன்று."

முதலில் சிரிப்பு. பிறகு கைதட்டல். யாரோ விசிலடித்தார்கள். எல்லோரும் பின்பக்கம் திரும்பினார்கள். கொரின் கையில் கத்தி இருந்தது. அறுத்துக்கொண்டிருந்த துண்டை அறுத்து முடித்து, காகிதத் தட்டில் வைத்து, எதிரே நின்றவரிடம் கொடுத்தாள். கழுத்து வரை சிவந்திருந்தாள். கூடத்தின் கணப்பு அடுப்பருகே நின்ற ஆமோஸ்தான் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினான்.

நான் கணக்குப் போட்டேன். என்னுடைய இரண்டில் ஒன்று நான். இன்னொன்று கொரின். என் மனைவியின் பெயரை எழுதியவன் டோனட் தின்றவன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஆமோஸைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவள் மெதுவாக ஏதோ பாடிக்கொண்டு வந்தாள்.

காலையில் உணவகத்துக்குப் போனேன். ஆமோஸ் கவுன்டர் ஓரத்து ஸ்டூலில், என் ஸ்டூலில், முட்டை தின்றுகொண்டிருந்தான். நான் உட்காரவில்லை.

"கொரின் பேரை எழுதினது நீதானே?"

ட்ரூடி காபி ஊற்றுவதை நிறுத்தினாள். ஆமோஸ் முள்கரண்டியை வைத்தான்.

"நான் உனக்குல்லடா போட்டேன்."

"யாருக்கு?"

"உனக்கு. போன மூணு தடவையும் உனக்குத்தான போட்டேன். பழகிப்போச்சு."

"நீயே நிக்கும்போது எனக்கு எதுக்குப் போடற?"

"எனக்கு வேண்டியது கான்கார்டுலயே கிடைச்சிருச்சு. அந்தப் பொண்ணு கேட்டா, நான் சொன்னேன். முடிஞ்சுது. ஓட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" மறுபடியும் முள்கரண்டியை எடுத்தான். "உட்காரு. இந்த ஸ்டூல் வேணுமா?"

வேண்டாம் என்றேன்.

வெளியே வாகன நிறுத்துமிடத்தில் வண்டியில் உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். இரண்டு வாக்கு. ஒன்று நான். ஒன்று ஆமோஸ்.

வீட்டில் கொரின் கேக் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஆமோஸ் குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"உன் பேரை எழுதினது யாரு?"

"நான்தான்," என்றாள். திரும்பவில்லை.

"எனக்குப் போடலயா?"

"உனக்குப் போடத்தான் நீ இருக்கியே."

ஏன் என்று கேட்டேன். அந்தப் பத்திரிகைக்காரப் பெண் கேட்ட அதே கேள்வி என்பது கேட்ட பிறகுதான் தோன்றியது. கொரின் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"மூணு தடவை அந்த மேசைக்குப் பின்னாடி நின்னு உன் பேரைக் கேட்டிருக்கேன். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் உன் முகம் வேற மாதிரி இருக்கும். என்னைப் பாக்குறப்ப அந்த முகம் வந்ததில்ல. அப்படி அதுல என்னதான் இருக்குன்னு பாத்துரலாம்னு தோணுச்சு."

"என்ன இருந்துச்சு?"

"கை தட்டினாங்க," என்றாள்.

என் பெயருக்கு யாரும் தட்டியதில்லை. பதினான்கு வாங்கிய வருடத்திலும் இல்லை. ஒரே ஒரு வாக்கு, அதுவும் அவளே போட்டது. அதற்குத் தட்டினார்கள். இரவு முழுவதும் ஆமோஸைத் திட்டியதில் அந்தச் சத்தத்தை நான் சரியாகக் கேட்கவில்லை. இப்போது கேட்டது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நாலு வருஷம் இருக்கு," என்றாள். "அந்த ஃபாரத்தை நேர்லதான் போய்க் குடுக்கணுமா?"

நேரில்தான் நல்லது என்றேன். இரண்டாம் தளம் என்றேன். கறுப்பு மை, பெயர் சீட்டில் எப்படி வர வேண்டுமோ அப்படியே எழுத வேண்டும், நடுப்பெயரையும் சேர்த்து. அவள் ஒரு பழைய உறையை எடுத்து அதன் பின்பக்கம் குறித்துக்கொண்டாள்.

"ஒரு போஸ்டர்ல கையெழுத்துப் போடணும்னு சொல்லுவியே. அது எங்க போடறது?"

நான் ஃப்ரிட்ஜ் கதவில் மூலையில் குனிந்திருந்த ஆமோஸின் முகத்தைப் பார்த்தேன்.

"வலது பக்கம் கீழ," என்றேன். "அங்கதான் இடம் இருக்கும்."

அதையும் எழுதிக்கொண்டாள்.