கண்ணீர் வேண்டுகோள்

எழுதுகிறவர்களுக்கு நியாயமான கூலி கொடுப்பதற்காக நிதி திரட்டப்போவதாக ஆசிரியர் அறிவித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய பத்திரிகைக்கு நான் வெளியிலிருந்து எழுதிக்கொடுப்பவன். கூலியாக இதுவரை வாங்கியது பாராட்டு மட்டும்தான். அதில் அவர் ஒருநாளும் பாக்கி வைத்ததில்லை.

எனக்கோ அவசரம். அக்கா வீட்டுப் பின்னறையில் ஓசிக் குடித்தனம். இந்த மாதமும் கையை விரித்தால் ஒன்றாம் தேதியிலிருந்து தன் டைல்ஸ் கடையில் வந்து உட்கார வேண்டும் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். டைல்ஸ் மேல் எனக்கு விரோதமில்லை. ஆனால் ஒருமுறை அங்கே உட்கார்ந்தால் அப்புறம் எழுத மாட்டேன். என் லட்சணம் எனக்குத் தெரியும்.

"நன்கொடை கேக்குற வேண்டுகோள நீயே எழுதிடு தம்பி," என்றார் ஆசிரியர். "படிக்கிறவன் கண்ல தண்ணி வரணும்."

"அதுக்கு எவ்வளவு சார் தருவீங்க?"

"காசு இல்லாமதானேப்பா நிதியே திரட்டுறோம்?"

மறுக்க முடியாத நியாயம். வெட்கத்தை விட்டு என் கதையையே எழுதினேன். பின்னறை, மாமாவின் கெடு, என் சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துக் கொடுக்கும் அக்கா, ஒன்றையும் விடவில்லை. படித்தவர்கள் அழுதார்களோ என்னவோ, பணம் கொட்டியது. முதல் வேலையாக ஆசிரியருக்குப் புது நாற்காலி வந்தது. நியாயத்தைப் பற்றி யோசிக்க முதுகு நேராக இருக்க வேண்டுமாம்.

புதுக் கட்டுரையோடு போய் நின்றேன்.

"நிதி வெளி ஆளுங்களுக்குப்பா. நீ நம்ம வீட்டுப் பிள்ளை. உனக்குப் போய் கூலி குடுத்தா நல்லாவா இருக்கும்?"

போன வருடம் அங்கே வேலை கேட்டபோது நான் வெளி ஆள். கூலி கேட்டதும் ஒரே நொடியில் வீட்டுப் பிள்ளை. பெற்ற வீட்டில்கூட இவ்வளவு சுலபமாகச் சேர்த்துக்கொண்டதில்லை.

"அப்படியே பணம் அனுப்புனவங்களுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதிடு. நெஞ்சத் தொடணும்."

எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். தையல் மெஷினிலிருந்து அக்கா நிமிர்ந்தாள்.

"கூலி வந்துச்சாடா?"

நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீ எழுதுனதப் படிச்சேன். தச்சு சேத்து வச்சிருந்ததெல்லாம் அந்த நிதியிலயே போட்டுட்டேன். கையில குடுத்தா நீ வாங்க மாட்ட. எழுதுன கூலின்னு வந்தா தைரியமா வாங்குவ, மாமாகிட்டயும் காட்டலாம்ல?"

நான் எழுதியதை அக்கா படித்தது அதுவே முதல் தடவை.

"எவ்வளவுக்கா போட்ட?"

சொன்னாள்.

"அதவிடக் கூடவே குடுக்கிறாங்க. நாளைக்குக் கைக்கு வந்துரும்," என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக டைல்ஸ் கடைக்கு நடந்தேன். மாமா கல்லாவில் இருந்தார்.

"நாளைக்கே வேலைக்கு வந்துடுறேன் மாமா. ஒரு மாசச் சம்பளம் முன்னாடியே வேணும். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

"அப்படி என்னடா செலவு?"

"எழுதுன ஒருத்தனுக்குக் கூலி குடுக்கணும்."

"யாருக்கு?"

"எனக்குத்தான் மாமா."