விரிப்பின் மறுமுனை

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில், படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் பெரிய உருளை ஒன்று உண்டு. அதை ஒற்றை ஆளால் ஓட்ட முடியாது. ஈர விரிப்பின் ஒரு முனையை ஒருத்தியும் மறுமுனையை இன்னொருத்தியும் பிடித்து, ஒரே வேகத்தில் உள்ளே விட வேண்டும். ஒருத்தி முந்தினால் விரிப்பு கோணிக்கொண்டு சிக்கிவிடும். மெஷினை நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து, பிய்த்து எடுக்க வேண்டும். அதனால் அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வேகமான கைதான் மெதுவான கைக்காகக் காத்திருக்க வேண்டும்.

இஸ்திரியக்காவுக்கு அந்தச் சட்டம் எலும்புவரை ஊறிப் போயிருந்தது. பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்த நாளிலிருந்து அவள் அந்த உருளையோடுதான் இருக்கிறாள். மறுமுனையைப் பிடிப்பவள் அவள் ஊர்ப் பக்கத்துக்காரிதான். ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயர்.

"அக்கா, அந்த மூணாம் நிலை மூணாம் நிலைங்கறீங்களே, அப்படின்னா என்னதான்?" என்று ஒருநாள் கேட்டாள் ரேடியோ.

"முதல் நிலைன்னா, பேரு, வீடு, நலமா இருக்கேன், இதெல்லாம் சொல்லத் தெரியணும். ரெண்டாவதுன்னா கடைக்குப் போய், டாக்டர்கிட்ட போய்ச் சமாளிக்கணும். மூணாவதுன்னா நம்ம மனசுல இருக்கறதைச் சொல்லணும். ஏன், எதுக்குன்னு காரணம் சொல்லணும். ஒருத்தர் சொன்னா, இல்லைன்னு மறுத்துப் பேசணும்."

"ஓ! பசிக்குதுன்னா முதல் நிலை. இன்னும் ஒரு கரண்டி போடுன்னா ரெண்டாவது. ஏன்டி இதுல உப்பே இல்லைன்னு சண்டை போட்டா மூணாவது. அப்படிப் பார்த்தா எங்க வீட்டுக்காரர் கல்யாணத்தன்னைக்கே மூணாம் நிலை!"

இஸ்திரியக்கா சிரித்தாள். ஆனால் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. இந்த நாட்டு மொழியில் மூன்றாம் நிலைச் சான்று இருந்தால்தான் மகளைத் தன்னோடு அழைத்துக்கொள்ள முடியும். அதுவும் மகளுக்குப் பதினாறு முடிவதற்குள். சித்தி வீட்டில் வளரும் அந்தப் பெண்ணுக்கு வரும் குளிர்காலத்தில் பதினாறு முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி. விட்டால் பிள்ளை என்ற உரிமையில் அவள் வரவே முடியாது.

எழுதவும் வாசிக்கவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் இஸ்திரியக்கா தேறிவிட்டாள். மிஞ்சியது பேச்சு. பேச்சுத் தேர்வை இரண்டிரண்டு பேராக வைப்பார்கள். எதிரே இருப்பவர் யார் என்பது அன்றைக்குத்தான் தெரியும். மாலை வகுப்பு டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "எதிரே இருப்பவர் திணறினால் ஒரு வாய்ப்புக் கொடு. பிறகு நீ பேசு. உன் வாயிலிருந்து வருவதற்குத்தான் உனக்கு மதிப்பெண்."

தேர்வன்று வரும் வழியெல்லாம் அவள் மனப்பாடம் செய்த வாக்கியங்களை முணுமுணுத்தாள். 'அதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஏனென்றால்...' 'என் அனுபவத்தில் பார்த்தால்...' நடுநடுவே கடவுளையும் கூப்பிட்டுக்கொண்டாள். அவருக்கு எந்த நிலையிலும் புரியும்.

அவளோடு உட்கார்ந்தவர் ஒரு கொத்தனார். வேறு நாடு, வேறு தாய்மொழி. காய்ப்புக் காய்த்த கைகளை மேஜைமேல் வைப்பதா மடியில் வைப்பதா என்று தெரியாமல் தவித்தார். முதலில் ஆளுக்கு இரண்டு வாக்கியத்தில் தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்வதையும், மகளை வரவழைக்கப் படிப்பதையும் இஸ்திரியக்கா தெளிவாகச் சொன்னாள். கொத்தனார் தன் தொழிலைச் சொன்னதோடு நின்றுவிட்டார்.

"உங்களோடு வேலை செய்த நண்பர் ஊரைவிட்டுப் போகிறார். அவருக்கு ஒரு விருந்து ஏற்பாடு செய்ய வேண்டும். இருவரும் பேசித் திட்டமிடுங்கள்," என்றார் தேர்வாளர்.

"என் கருத்தில், விருந்தை வேலை செய்யும் இடத்தில் வைப்பதைவிட வெளியே வைப்பது நல்லது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று அருமையாகத் தொடங்கினாள் இஸ்திரியக்கா.

கொத்தனார் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. நெற்றியில் வியர்வை அரும்பி, புருவத்தில் தங்கி, கண்ணுக்குள் இறங்கியது. அவர் துடைக்கக்கூட இல்லை.

டீச்சர் சொன்ன ஒரு வாய்ப்பு முடிந்துவிட்டது. இனி அவள் பேசலாம். பேச வேண்டும். ஆனால் மறுமுனை கோணுவது அவளுக்குக் கண்கூடாகத் தெரிந்தது. கை தானாக வேகத்தைக் குறைப்பதுபோல நாக்கு குறைத்துக்கொண்டது.

"சனிக்கிழமை நல்லதா?"

"...நல்லது."

"கேக் வாங்கலாமா?"

"வாங்கலாம்."

"நீங்க வாங்கறீங்களா, நான் வாங்கட்டுமா?"

"நான். என் வீடு. பக்கத்தில் கடை. நல்ல கடை."

"உங்க நண்பர் எப்படிப்பட்டவர்?"

கொத்தனாரின் முகத்தில் ரத்தம் ஓடியது. "என் நண்பர் நல்ல மனிதர். நாங்க ஒண்ணா சுவர் கட்டினோம். அவர் ஊருக்குப் போனார். நான் அழுதேன்," என்றார். கேட்டது கற்பனை நண்பரைப் பற்றி. அவர் சொன்னது நிஜம். தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டே போனார். இஸ்திரியக்கா சின்னச் சின்னக் கேள்வியாக நீட்டிக்கொண்டே இருந்தாள்.

மணி அடித்தது. உடன்பாடு இல்லாததும் அனுபவத்தில் பார்த்ததும் அவள் தொண்டைக்குள்ளேயே இருந்தன.

முடிவை டீச்சர்தான் சொன்னார். "மற்ற எல்லாம் மூன்று. பேச்சு மட்டும் இரண்டு. நீ மூன்றாம் நிலை என்று எனக்குத் தெரியும். ஆனால் காதில் விழுந்ததற்குத்தானே அவர்கள் மதிப்பெண் போட முடியும்?"

அன்று சாயங்காலம் அவள் மகளுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, பாஸா?"

"இல்லடா கண்ணு."

மறுமுனையில் சித்தி வீட்டுக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ நல்லாத்தானே பேசுவே? என்னாச்சும்மா?"

நடந்ததைச் சொன்னாள். மகள் கேட்டாள்: "அவர் யாரு உனக்கு?"

"யாருமில்லடா."

"பரவால்லம்மா. சித்தி கூப்பிடறாங்க," என்று மகள் வைத்துவிட்டாள். சித்தி கூப்பிட்ட சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ரேடியோ மறுநாள் பொரிந்து தள்ளினாள். "ஊரான் சுவருக்கு முட்டுக் கொடுத்துட்டு உங்க கூரையை விட்டுட்டீங்களே அக்கா! தர்மம் தலைகாக்கும்னு சொல்வாங்க. யார் தலையைக் காத்துச்சு?"

இஸ்திரியக்கா பிறகு பல நாள் கடவுளிடம் பேசவில்லை. விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா படுத்துக்கொள்வாள்.

குளிர் தொடங்கிய ஒரு காலையில் சலவைக்கூட வாசலில் ஒரு பெரியவர் நின்றார். "அக்கா, உங்களைத் தேடி மாப்பிள்ளை வந்திருக்கார்," என்று கத்திய ரேடியோ, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கினாள். கொத்தனார்தான். சலவை, ஆஸ்பத்திரி என்ற இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் விசாரித்து வந்திருக்கிறார்.

"எனக்கு ரெண்டாம் நிலை வேணும். கிடைச்சது," என்றார் அந்த ஊர் மொழியில், ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து வைப்பதுபோல. "இல்லைன்னா என்னை ஊருக்கு அனுப்பியிருப்பாங்க. என் மனைவிக்கு இங்கே வைத்தியம். இப்ப நான் இருக்கலாம். நீங்க கேட்டீங்க. அதனால நான் பேசினேன்."

ரேடியோ கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள்.

"நீங்க? மகள் வந்தாச்சா?" என்று கேட்டார் அவர்.

இஸ்திரியக்காவிடம் இப்போது எல்லா வாக்கியங்களும் இருந்தன. வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால். நான் எதிர்பார்த்தது என்னவென்றால். அன்றைக்கு வராத மூன்றாம் நிலை முழுவதும் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒரே ஒரு வாக்கியம் போதும், அந்த மனிதரின் சந்தோஷம் சாய்ந்துவிடும்.

அவள் முதல் பாடத்துக்குப் போனாள். "நான் நலமாக இருக்கிறேன். நன்றி."

அவர் அவள் கண்களையே பார்த்தார். மகளைப் பற்றிக் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது முதல் நிலை தெரிந்தவனுக்கும் தெரியும். அவர் மறுபடி கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தலைகுனிந்தார். உதடுகள் அசைந்தன. அவர் மொழியில் ஏதோ பிரார்த்தனை. அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது.

அவர் போனபின் இருவரும் உருளைக்குத் திரும்பினார்கள். விரிப்பு ரேடியோவின் பக்கம் பின்தங்கியது.

"மெதுவா விடு. நான் இருக்கேன்," என்றாள் இஸ்திரியக்கா.

அன்று இரவு விளக்கை அணைக்குமுன் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, நெடுநாளுக்குப் பிறகு கைகூப்பினாள். கேட்க ஒன்றும் இல்லை. மகளின் பெயரைச் சொன்னாள். அப்புறம், பெயர் தெரியாததால், 'கொத்தனார் சம்சாரம்' என்றும் சொன்னாள்.