நூற்றுக்கு ஐந்து பேர்

1

அறிக்கையைத் திருத்த வேண்டியவள் கதை எழுத உட்கார்ந்தாள். இந்தக் கதை பிறந்த லட்சணம் இதுதான்.

முதல் வரி: ‘பெரம்பலூர் ஆபீஸில் அறிவரசன் என்றொருவன் இருந்தான்.’

அப்படி யாரும் இல்லை. தப்பைச் சுமத்த சுகன்யாவுக்கு ஒரு தலை தேவைப்பட்டது. வெட்கப்பட்டு அந்த வரியை அடித்தாள். அடித்ததை உங்கள் பார்வைக்கு விட்டிருக்கிறாள்.

2

வேப்பந்தட்டைப் பக்கம் செவ்வாய்தோறும் மூச்சிளைப்புக்கு மருந்து தரும் வண்டி வருகிறது. அதில் மருந்து வாங்கும் பெண்களையும் வாங்காதவர்களையும் ஒப்பிட்டு, வண்டியால் பலன் உண்டா என்று சொல்வது அவள் வேலை. ஒப்பிடும் முன் இரு பக்கமும் ஒத்த ஆட்கள்தானா என்று பார்க்க வேண்டும்.

விறகடுப்பு உண்டா, இல்லையா? புகையிலை உண்டா, இல்லையா? எல்லாம் பொருந்தின. ஒன்பது பொருத்தம் இருந்தும் ரஜ்ஜு தட்டிய ஜாதகம்போல ஒன்று மட்டும் இடித்தது. முன்பே டி.பி. வந்து குணமானவர்கள் வண்டிக்கு வருவோரில் நூற்றுக்கு ஐந்து பேர், வராதோரில் ஒருவர்.

“நாலுதானே வித்தியாசம்? பத்துக்குள்ள இருந்தா பொருந்துச்சுன்னு போட்டுடுங்க,” என்றார் மேலாளர் ராஜவேல்.

[அடிக்குறிப்பு: அரிதானதை வெறுமனே கழித்துப் பார்க்கக் கூடாது. நாலு சிறிது, ஒன்றுக்கு ஐந்து சிறிதல்ல. பரவலால், அதாவது திட்ட விலக்கத்தால், வகுத்தால் 0.24 வருகிறது; 0.1-ஐத் தாண்டினாலே பொருந்தவில்லை என்று அர்த்தம். சுகன்யா வகுத்துப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அட்டவணையில் ‘பொருந்தியது’ என்று போட்டாள்.]

அந்த நூற்றுக்கு ஐந்து பேருக்கு டி.பி. கெடுத்த நுரையீரல், எந்த மருந்துக்கும் இளைப்பு லேசில் தணியாது. அவர்கள் வண்டிப் பக்கமே அதிகம் இருந்ததால் முடிவு மயிரிழையில் ‘பலன் இல்லை’ என்று சாய்ந்தது.

3

அவர்களில் ஒருவர் அமிர்தவல்லி. ‘குழிவிழுந்த கண்களுடன்’ என்று எழுதத் தொடங்கி... பொய். சரியான வாயாடி. கணக்கெடுக்கப் போனவளுக்கு மக்காச்சோளம் சுட்டுக் கொடுத்தவர்.

இன்று சாயங்காலம் சுகன்யா வீடு திரும்ப அரியலூர் பஸ்ஸில் ஏறியதும் அவரிடமிருந்து போன்.

“ஏம் பாப்பா, வண்டிய நிறுத்தப் போறாங்களாமே, நெசமா?”

“அதெல்லாம் இல்லக்கா.”

“அதானே! வூட்டுக்கு வந்து எல்லாத்தையும் கேட்டுட்டுப் போனியே, நீ உட்டுருவியா? வண்டி வந்தப்புறந்தான் நான் படுத்துத் தூங்குறேன்.”

சுகன்யாவுக்கு முகம் எரிந்தது. பஸ்ஸில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அப்படியும் கூசியது.

4

முடிவு ஒன்று: மறுபடி பொருத்திப் பார்த்து, ராஜவேலிடம் ஏச்சு வாங்குகிறாள்.

முடிவு இரண்டு: அட்டவணை அழகாக அச்சாகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை அமிர்தவல்லி ரோட்டோரம் வந்து

(இந்த வாக்கியத்தை அவளால் முடிக்க முடியவில்லை.)

கதையில் எதையும் அடிக்கலாம். ‘அதெல்லாம் இல்லக்கா’ என்றதை அடிக்க முடியாது, அமிர்தவல்லி நம்பிவிட்டார். காலையில் அறிக்கை போக வேண்டும். ‘பொருந்தியது’ இன்னும் அட்டவணையில்தான் இருக்கிறது. பேனாவை உங்களிடம் நீட்டுகிறாள் சுகன்யா. அதற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.