நரம்பு என்றால் எந்த நரம்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லை நான் தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்த கதை இது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் பவுலின், லிங்கராஜபுரத்துக்காரர், வலது விரலால் என் முழங்கை மடிப்பைத் தடவிப் பார்த்து ஊசி குத்தினார். ரத்தம் வரவில்லை.

"நரம்பு கட்டாயிடுச்சு சார்," என்றார்.

என் ரத்தக்குழாயைத்தான் அறுத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் சொன்னது என் நரம்பை அல்ல, தன்னுடையதை. ரத்தம் ஓடுவதையும் நரம்பு என்கிறோம், உணர்ச்சி ஓடுவதையும் நரம்பு என்கிறோம்; தமிழில் எழுதுகிறவன் பாடு இது. ஆறு மாதம் முன்பு உடைந்த கண்ணாடி டம்ளர் அவர் வலது மணிக்கட்டைக் கிழித்ததாம். விரல்நுனி இன்னும் மரத்தே கிடக்கிறது.

2

[பவுலினின் கண்களில் ஒரு சோகக் கடல்... வேண்டாம். தூக்கம்தான் இருந்தது. மணி காலை ஆறரை.]

3

பிறகு இடது விரலால் தேடினார். உடனே கிடைத்தது.

இதில் மாயமில்லை. வலது கையின் தொடுகையை வாங்குவது மூளையின் இடது பாதி. அங்கே சேதி நின்றால் வலது பாதியும் மாறிக்கொள்கிறது. அதன் பொறுப்பிலுள்ள இடது கை கூர்மையாகலாம். (இந்தப் பத்தி இரண்டு பக்கம் இருந்தது. நீங்கள் பிழைத்தீர்கள்.)

"டாக்டரும் சொன்னாரு, இந்தக் கைக்கு இப்ப ஜாஸ்தி தெரியுமாம். ஆனா இருபது வருஷப் பழக்கம் சார். மொதல்ல வலதுதான் போவுது."

4

வில்லன் வேண்டுமென்று லேப் மேலாளர் தேசிகனைக் கெட்டவராக்கிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. ரத்தம் எடுத்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்து விசாரிப்பவர் அவர். ஒரு தடவைக்கு மேல் குத்தியதாக பவுலின் மேல் இரண்டு புகார் வந்தாயிற்று, மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். ஊசி பிடிக்கும் வேலையில் அது நியாயமும்கூட. எனக்கு பவுலினைப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் சிக்கல்.

முடிவு ஒன்று: தேசிகனிடம் ஒரே குத்து என்று பொய் சொல்கிறேன். நாளை வைட்ஃபீல்டில் ஒரு குழந்தையின் கையில் பவுலின் பழக்கதோஷத்தில்...

முடிவு இரண்டு: இரண்டு குத்து என்கிறேன். மறுநாள் பவுலின்...

5

இரண்டையும் முடிப்பதற்குள் தேசிகன் போன் செய்துவிட்டார். மரியாதையாகத்தான் கேட்கிறார்.

"எத்தன தடவ குத்துனாங்க சார்? அது மட்டும் சொல்லுங்க, போதும்."

மூளையின் இரு பாதிகளைப் பற்றி ஆரம்பித்தேன். தன் படிவத்தில் ஓர் எண்ணுக்குத்தான் கட்டம் இருக்கிறது என்றார்.

இந்தாருங்கள் வாசகரே, போனை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் லைனில்தான் இருக்கிறார்.